ராபின்: கம்பெனியை விட்டு வந்த சுவீடன் டிஸ்கோ பாடகி, உண்மையிலேயே சுதந்திரக் கலைஞரா?

பழையகேசட்:

"ராபினை இண்டி கலைஞர், பெரிய கம்பெனியைச் சாராத சுதந்திரக் கலைஞர் என்பதெல்லாம் சும்மா பேச்சு. அவர் ஆல்பங்களை அமெரிக்காவில் கொண்டுவந்தது இன்டர்ஸ்கோப், பிரிட்டனில் ஐலண்ட். இரண்டுமே யுனிவர்சல் என்ற பெரிய இசைக் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள்." வேறொரு இழையில் ஒருவர் இப்படிப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அங்கேயே பதில் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும் என்று தனியாகத் திறக்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம், ஆனால் முதலில் கதை தெரிந்துகொண்டு வாருங்கள்.

ராபின் 1979-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். அப்பா அம்மா நாடகக்காரர்கள். சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர்கள், குழந்தையும் கூடவே போனது. பள்ளிக்கூடத்துக்கு வந்த பாடகி மேயா இந்தப் பெண் பாடியதைக் கேட்டுத் தன் ஆட்களிடம் சொல்ல, 14 வயதில் ஒப்பந்தம். அந்தச் சின்ன கம்பெனியை பி.எம்.ஜி. என்ற பெரிய இசைக் கம்பெனி வாங்க, 1995-ல் முதல் ஆல்பம். தயாரிப்பாளர்கள் டெனிஸ் பாப், மாக்ஸ் மார்ட்டின் இருவரும் அதில் வேலை செய்தார்கள். 1997-ல் 'டூ யூ நோ', 'ஷோ மீ லவ்' இரண்டும் அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள். ஆல்பம் அங்கே பிளாட்டினம். அப்போது வயது 18.

அடுத்தது என்ன? ஓயாத பயணத்தில் உடம்பு சோர்ந்து ஊர் திரும்பினார். 1999-ல் இரண்டாவது ஆல்பம் 'மை ட்ரூத்'. அதில் கருக்கலைப்பைப் பற்றிய பாட்டு இருந்தது. அமெரிக்கக் கிளை மாற்றச் சொன்னது. மாட்டேன் என்றார். ஆல்பம் அமெரிக்காவில் வெளிவரவே இல்லை.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பி.எம்.ஜி. வேண்டாம் என்று ஜைவ் கம்பெனிக்கு மாறினார். 2002-ல் மூன்றாவது ஆல்பம் வந்தது. அதே வருடக் கடைசியில் பி.எம்.ஜி. போய் ஜைவ் கம்பெனியையே வாங்கிவிட்டது! எந்த வாசல் வழியாக வெளியே போனாரோ அதே வீட்டுக்குள் பின்வாசல் வழியாக வந்து நின்றார்.

அந்தச் சமயத்தில் தி நைஃப் என்ற உடன்பிறந்த இருவர் குழுவோடு சேர்ந்து 'ஹூஸ் தட் கேர்ள்' செய்தார். அவர்கள் ராபிட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக லேபிள் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தவர்கள். இவருடைய கம்பெனிக்கோ அந்தப் பாட்டு ருசிக்கவில்லை. அவ்வளவுதான். பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, 2005-ல் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். அதில் வந்த முதல் ஆல்பத்துக்குத் தன் பெயரையே தலைப்பாக வைத்தார். சுவீடனில் நேராக முதலிடம், மறு வருடம் அந்நாட்டின் கிராமிஸ் இசை விருது மூன்று.

இதைச் சுதந்திரம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பனங்காட்டான்:

அந்தக் கருத்தைப் போட்டவன் நான்தான், நகரவில்லை, இரவு ஷிஃப்ட். நீங்கள் சொன்ன கதையை நானும் ஒத்துக்கொள்கிறேன். 2005 ஆல்பம் சுவீடனில் சொந்த லேபிள். ஆனால் பிரிட்டனில் 2007-ல் எப்படி வந்தது, அமெரிக்காவில் 2008-ல் யார் கொண்டுபோனார்கள்? பெரிய கம்பெனிகளே. கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம் என்பதுதான் என் கேள்வி.

கணக்குப்பிள்ளை:

பனங்காட்டான் அண்ணே, நான் ஒப்பந்தம் படித்துப் பிழைப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

வழக்கமான ஒப்பந்தத்தில் கம்பெனி முன்பணம் கொடுக்கும். ரெக்கார்டிங் செலவு, வீடியோ செலவின் ஒரு பங்கு எல்லாம் கலைஞர் கணக்கில் பற்று எழுதப்படும். பாட்டு விற்று வரும் ராயல்டியில் அந்தப் பற்று முதலில் கழியும். முழுசாகக் கழிந்த பிறகும் மாஸ்டர், அதாவது பதிவான மூல ஒலியின் உரிமை, கம்பெனியிடமே இருக்கும். கடன் தீர்ந்தும் வீடு உங்கள் பெயருக்கு வராது.

லைசென்ஸ் வேறு. வீடு உங்களுடையது. இந்த நாட்டில், இத்தனை வருடத்துக்கு என்று வாடகைக்கு விடுகிறீர்கள். கெடு முடிந்தால் சாவி திரும்பி வரும். கொனிச்சிவா செய்தது இந்த இரண்டாவது வகை. எந்தப் பாட்டைப் பதிவு செய்வது, யாரோடு செய்வது, எப்போது வெளியிடுவது எல்லாம் ஸ்டாக்ஹோமில் முடிவாகும். முடிந்த சரக்கைத்தான் ஐலண்டும் இன்டர்ஸ்கோப்பும் எடுத்துப்போய்க் கடையில் வைத்தன. அமெரிக்காவில் ரேடியோவில் பாட்டு ஏற வேண்டுமானால் அதற்கென்று ஆள் படை வேண்டும், ஸ்டாக்ஹோமில் நாலு பேர் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது.

1999-ல் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது கம்பெனிக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை, ஆல்பம் பெட்டிக்குள் போனது. 2005-க்குப் பிறகு கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு கம்பெனியைப் பார்ப்பார், அவ்வளவுதான். வித்தியாசம் இங்கே இருக்கிறது. பின்னட்டையில் யார் சின்னம் இருக்கிறது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பனங்காட்டான்:

வாடகை விளக்கம் சரி. ஆனால் ஒப்பந்தத்தை முறிக்கக் கையில் காசு இருந்தது, பெயர் இருந்தது. 18 வயதில் அமெரிக்காவில் பிளாட்டினம் வாங்கியவர் தொடங்கும் லேபிளும், ஒன்றுமே இல்லாதவர் தொடங்கும் லேபிளும் ஒன்றாகிவிடுமா? அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே இவர் திட்டும் கம்பெனிதானே.

பழையகேசட்:

அது நியாயமான பேச்சு. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

நடுநிசிமெட்டு:

எல்லாரும் கணக்குப் பேசுகிறீர்கள். தலைப்பில் டிஸ்கோ என்று போட்டிருக்கிறதே, அது எங்கே? ராபினின் 2010 பாட்டு 'டான்சிங் ஆன் மை ஓன்' கேட்டேன். வயலின் இல்லை, பித்தளை வாத்தியம் இல்லை, கிடாரின் அந்தச் சுரண்டல் இல்லை. சின்தசைசர் கடகடவென்று ஓடுகிறது. இது எலக்ட்ரோ பாப். சுவீடன் டிஸ்கோ என்றால் பாடகி ஆக்னஸ் மாதிரி இருக்க வேண்டும். 2005-ல் 'ஐடல்' டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்து, 'ரிலீஸ் மீ' பாடி, 2021-ல் 'மேஜிக் ஸ்டில் எக்ஸிஸ்ட்ஸ்' என்று முழு டிஸ்கோ ஆல்பமே போட்டார்.

தாளக்காரன்:

நடுநிசி, வாத்தியத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் டிஸ்கோ 1970களின் கடைசியிலேயே வாத்தியங்களைக் கைவிட ஆரம்பித்துவிட்டது. 1977-ல் பாடகி டோனா சம்மருக்காகத் தயாரிப்பாளர் ஜியோர்ஜியோ மொரோடர் 'ஐ ஃபீல் லவ்' செய்தபோது பேஸ் முழுக்க மூக் சின்தசைசர். ஒரே வேகத்தில், ஒரு மூச்சு விடாமல் ஓடும் அந்த பேஸ் ஒருபுறம், அதன்மேல் மிதக்கும் மனிதக் குரல் இன்னொருபுறம். ராபினுடைய 2010 பாட்டின் எலும்பு இதுதான்.

அந்தப் பாட்டில் நடப்பதைக் கவனியுங்கள். கிளப்பில் ஒரு மூலை. பழைய காதலன் இன்னொருத்தியோடு நிற்கிறான். இவள் பார்த்துக்கொண்டே தனியாக ஆடுகிறாள். போய்ச் சண்டை போடவில்லை, அழுதுகொண்டு வெளியே ஓடவும் இல்லை. பேஸ் நிற்காததால் இவளும் நிற்க முடியாது. சோகத்தை மெல்லப் பாடினால் கேட்பவர் உட்கார்ந்து கேட்பார். ஆடும் வேகத்தில் பாடினால் அதே சோகத்தைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறது. டிஸ்கோ பிறந்த நியூயார்க் கிளப்களில் கூடியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே இடம் கிடைக்காதவர்கள் உள்ளே வந்து ஆடிய இசை அது. ராபினின் பாட்டை உலகம் முழுக்க அதே மாதிரி கிளப்களில் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் 2018-ல் வந்த 'ஹனி' ஆல்பத்தில் 'பிகாஸ் இட்ஸ் இன் த மியூசிக்' கேளுங்கள். நீங்கள் கேட்ட தந்தி வாத்தியம், மினுமினுப்பு எல்லாம் அதில் இருக்கிறது.

நடுநிசிமெட்டு:

கேட்டேன். சரி, அந்தப் பாட்டு டிஸ்கோதான். அந்த ஒன்று மட்டும்!

புதுக்காது:

வணக்கம். நான் இந்தப் பாடகியின் பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பழையகேசட்:

தம்பியோ தங்கையோ, வாருங்கள். முதல் பாட்டு 'வித் எவ்ரி ஹார்ட்பீட்'. கிளீரூப் என்ற சுவீடன் இசைக்காரருடன் செய்தது. 2007 ஆகஸ்டில் பிரிட்டனில் முதலிடம், ஒரே ஒரு வாரம். ஒரு எச்சரிக்கை: பல்லவி எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள், வராது. தாளம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நடுவில் திடீரென்று தாளம் அடங்கி வெறும் தந்தி வாத்தியங்கள். அதற்கப்புறம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். எந்தக் கம்பெனி மேலாளரிடம் கொடுத்தாலும் "பல்லவி எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். அதுவே நம்பர் ஒன் ஆனது.

அப்புறம் 2010. அந்த வருடம் இவர் செய்தது அப்போது யாருக்கும் புரியவில்லை. ஒரு ஆல்பம், பிறகு இரண்டு மூன்று வருடப் பயணம், மறுபடி ஒரு ஆல்பம் என்பதுதான் கம்பெனிகளின் வழக்கம். இவர் 'பாடி டாக்' என்ற பெயரில் ஜூனில் ஒரு பாகம், செப்டம்பரில் இன்னொன்று, நவம்பரில் மூன்றாவது என்று போட்டார். பாட்டுத் தயாரானால் உடனே வெளியே வரட்டும், காத்திருக்க வேண்டாம் என்பதுதான் எண்ணம். இன்றைக்கு எல்லாரும் துண்டு துண்டாகப் போடுகிறார்கள், ஸ்ட்ரீமிங் அப்படிப் பழக்கிவிட்டது. 2010-ல் ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்கே போகவில்லை.

'கால் யுவர் கேர்ள்ஃபிரண்ட்' வீடியோவையும் பாருங்கள். காலியான பெரிய கூடம், இவர் ஒருத்தி, ஒரே ஷாட், வெட்டே கிடையாது. பாட்டின் சங்கதி இன்னும் வேடிக்கை. புதுக் காதலி, தன் ஆளிடம், 'உன் பழையவளுக்கு ஃபோன் பண்ணிப் பக்குவமாகச் சொல்' என்று வழி சொல்லிக்கொடுக்கிறாள். வில்லியாக இருக்க வேண்டியவளுக்கு இவ்வளவு கரிசனம்.

புதுக்காது:

முதல் பாட்டு கேட்டுவிட்டேன். பல்லவி வரவே இல்லை, நிஜமாகவே கோபம் வந்தது. மறுபடியும் போட்டிருக்கிறேன்.

வடக்குக்காற்று:

நான் சுவீடனில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே "தனி ஆளாக நின்று ஜெயித்தார்" என்று எழுதுவதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. என் மகள் போகும் இசைப்பள்ளியை நடத்துவது நகராட்சி. கட்டணம் பேருக்கு ஒரு தொகை. வாத்தியம் அவர்களே தருகிறார்கள், நாலு மணிக்குப் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில் பத்துப் பிள்ளைகள் டிரம்பெட்டை அலற விட்டுக்கொண்டிருப்பார்கள். 1940களிலிருந்தே ஊருக்கு ஊர் இப்படி நடக்கிறது. கொஞ்சம் வளர்ந்து பேண்ட் தொடங்கினால் வயதுவந்தோர் கல்விச் சங்கங்கள் ஒத்திகை அறை தருகின்றன, அதற்கும் அரசு மானியம். பாடல் எழுதியவருக்குக் காசு வசூலித்துக் கொடுக்க ஸ்டிம் என்ற அமைப்பு 1923-லிருந்து இருக்கிறது.

மாக்ஸ் மார்ட்டின் தான் கற்றதற்குக் காரணம் இந்தப் பொது இசைக்கல்வி என்று வெளிப்படையாகவே சொன்னவர். அவரும் டெனிஸ் பாப்பும் வேலை பார்த்த கைரான் ஸ்டூடியோ ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மன் தீவில் இருந்தது. டெனிஸ் 1998-ல் 35 வயதில் புற்றுநோயில் போய்விட்டார், கொஞ்ச காலத்தில் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. ஆனால் அந்தப் பட்டறையில் கற்றவர்கள் இன்றும் உலகப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஒரு கோடிப் பேருள்ள நாட்டில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தி நைஃப், கிளீரூப், டெடிபேர்ஸ் குழுவின் கிளாஸ் ஓலுண்ட், பாத்ரிக் பெர்கர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். கம்பெனியை விட்டு வெளியே வந்தால் பாலைவனத்தில் விழுந்துவிட மாட்டோம் என்று தெரிந்துதான் அவர் வந்தார். துணிச்சல் இல்லை என்று சொல்லவில்லை, கீழே வலை இருந்தது என்கிறேன்.

பனங்காட்டான்:

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல வந்தது. வடக்குக்காற்று அழகாகச் சொல்லிவிட்டார்.

தாளக்காரன்:

வலை இருந்த எல்லாரும் குதிக்கவில்லையே. அதே ஊரில், அதே ஸ்டூடியோ வழியாக வந்து, கம்பெனி சொன்னதைப் பாடிவிட்டு 25 வயதில் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று. 2013-ல் கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இவருக்குப் பெரிய பரிசு கொடுத்தது. அதைத் தொடர்ந்து அவர்களோடு சேர்ந்து டெக்லா என்று பெண் பிள்ளைகளுக்கான தொழில்நுட்ப விழா தொடங்கினார். ரோபோ, நிரல், ஒலிக்கருவி எல்லாம் பிள்ளைகள் கையில் தொட்டுப் பார்க்கும் விழா. ஊர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் செய்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:

'டான்சிங் ஆன் மை ஓன்' பற்றி ஒரு கணக்குக் குறிப்பு. 2015-ல் பிரிட்டனின் டேலண்ட் நிகழ்ச்சியில் காலம் ஸ்காட் அதை மெதுவாகப் பாடினார். 2016-ல் அந்த வடிவம் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. ராபினின் மூலப் பாட்டே அங்கே எட்டாம் இடம்தான்! 2022-ல் பிலடெல்பியா ஃபில்லீஸ் பேஸ்பால் அணி ஜெயிக்கும்போதெல்லாம் போட்டதும் காலம் ஸ்காட் வடிவத்தின் ரீமிக்ஸ்தான்.

அதில் ராபினுக்கு என்ன கிடைக்கும்? அந்த ரெக்கார்டிங்கின் உரிமையில் ஒன்றும் கிடையாது. ஆனால் பாட்டை எழுதியவர்கள் ராபினும் பாத்ரிக் பெர்கரும். யார் பாடினாலும் எழுதியவர் பங்கு தனியாக வரும். எழுதுகிறவராகவும் இருப்பது, மாஸ்டரையும் கையில் வைத்திருப்பது என்று இரண்டு கால்கள் இருந்ததால்தான் 2010-க்குப் பிறகு எட்டு வருடம் தனி ஆல்பம் போடாமல் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பது என் ஊகம். வழக்கமான ஒப்பந்தத்தில் இருப்பவர் எட்டு வருடம் சும்மா இருந்தால் நோட்டீஸ் வரும்.

நடுநிசிமெட்டு:

அந்த எட்டு வருடம் என்ன ஆயிற்று?

தாளக்காரன்:

சும்மா இருக்கவில்லை. 2014-ல் நார்வேயின் ராய்க்சாப் குழுவுடன் ஒரு சிறு ஆல்பம். அதே வருடம் அவருடைய நெடுநாள் நண்பரும் தயாரிப்பாளருமான கிறிஸ்டியன் ஃபால்க் கணையப் புற்றுநோயில் இறந்தார். அவரோடு தொடங்கிய வேலையை மார்க்கஸ் யேகர்ஸ்டெட்டுடன் முடித்து 2015-ல் வெளியிட்டார். காதலும் முறிந்திருந்தது. மனநலச் சிகிச்சைக்குப் போனார், கிளப்களில் போய் ஆடினார், சொந்தமாக பீட் போடக் கற்றுக்கொண்டார்.

'ஹனி' பாட்டின் ஒரு வடிவம் 2017-ல் 'கேர்ள்ஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரில் வந்தது. ரசிகர்கள் வெளியிடு வெளியிடு என்று இணையத்தில் ஒரே அமளி. அதற்காக அவசரப்படவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, 2018 அக்டோபரில், வேறு வடிவத்தில் ஆல்பமாக வந்தது. ஒன்பதே பாட்டு, 40 நிமிடம். 'பாடி டாக்' மாதிரி அடித்துப் பிடித்து வராது, மெல்ல இளகும். மெட்ரானமி குழுவின் ஜோசப் மவுண்ட் பல பாட்டுகளில் கூட இருந்தார். எனக்கு இவருடைய எல்லா ஆல்பத்திலும் இதுவே உச்சம், அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும்.

அந்த ஆல்பத்துக்கான பயணத்தில் 2019 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரி. முடிந்து வந்த கூட்டம் கீழே சுரங்க ரயில் நடைமேடையில் நின்றுகொண்டு 'டான்சிங் ஆன் மை ஓன்' முழுப் பாட்டையும் கத்திப் பாடிய வீடியோ இருக்கிறது, தேடிப் பாருங்கள். தனியாக ஆடும் ஒருத்தியின் பாட்டை அத்தனை பேர் சேர்ந்து, கருவி எதுவும் இல்லாமல்!

பனங்காட்டான்:

பார்த்தேன். அந்த வீடியோவுக்கு எதிராக எனக்கு வாதம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி இன்னும் பாக்கி. சொந்த லேபிள் வைத்தவர் மற்றவர்களுக்கு என்ன செய்தார்? தன் ஆல்பத்தை மட்டும் போடும் லேபிளை லேபிள் என்பதா, கையெழுத்து என்பதா?

பழையகேசட்:

ஷாலா என்ற குர்திஷ் வம்சாவளி சுவீடன் பாடகியின் ஆல்பம் 2015-ல் கொனிச்சிவாவில் வந்தது. 'ஹனி'யிலும் அவர் குரல் ஒரு பாட்டில் உண்டு. அதற்கு மேல் பெரிய பட்டியல் இல்லை. உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

இழைபின்னி:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சுவீடன் டிஸ்கோ, சுதந்திரக் கலைஞர் என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு சாலி ஷாபிரோ என்ற பாடகியை ஒருவரும் சொல்லவில்லையே! இத்தாலிய டிஸ்கோ பாணி. 2006-ல் 'டிஸ்கோ ரொமான்ஸ்' ஆல்பம். தயாரிப்பாளர் யோஹான் ஆகபியோர்ன் பெயர் தெரியும், பாடகியின் உண்மைப் பெயர் வெளியே சொல்லப்படவில்லை. மேடை ஏறமாட்டார். ரெக்கார்டிங் அறையில் வேறு யாராவது இருந்தால் பாடமாட்டார், தயாரிப்பாளரே வெளியே போக வேண்டும். குரலும் அப்படித்தான், பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதென்று பாடுவதுபோல. 2016-ல் போதும் என்று நிறுத்தினார்கள், பிறகு 2022-ல் 'சாட் சிட்டீஸ்' ஆல்பத்தோடு திரும்பி வந்தார்கள்.

ராபின் மாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் சுற்றினார். இவர் தன் முகத்தையும் பெயரையும்கூடச் சந்தைக்கு முழுசாகக் கொடுக்கவில்லை. பனங்காட்டான் கேட்கும் கறார் அளவுகோலை வைத்தால் இவரைத்தான் பேச வேண்டும்.

பனங்காட்டான்:

ஆகா, இவரை எனக்குத் தெரியாது. இன்றைய ஷிஃப்டுக்கு ஆயிற்று.

கணக்குப்பிள்ளை:

மேடை இல்லை, பயணம் இல்லை என்றால் வருமானத்தில் பெரிய துண்டு போய்விடுமே. அந்த வீட்டுக்கு வேறு சம்பளம் வந்திருக்க வேண்டும்.

பழையகேசட்:

ராபின் பக்கம் கடைசிச் செய்தியையும் பதிந்துவிடுகிறேன். 2022-ல் மகன் பிறந்தான். 2024-ல் பிரிட்டன் பாடகி சார்லி எக்ஸ்.சி.எக்ஸ். பாட்டின் ரீமிக்ஸில் வந்தார். 2025 பிப்ரவரியில் நியூயார்க் ரேடியோ சிட்டி மேடையில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாடகராக இருந்த டேவிட் பைர்னுடன் நின்று பாடினார். அதே வருடம் நவம்பரில் 'டோபமீன்' என்று புதுப் பாட்டு. இந்த முறை கைகோத்திருப்பது யங் என்ற பிரிட்டன் சுதந்திர லேபிளுடன், யுனிவர்சலோடு அல்ல. ஆகவே, பனங்காட்டான், உங்கள் முதல் வரியை இனிமேல் கொஞ்சம் திருத்தித்தான் போட வேண்டும்.

பனங்காட்டான்:

20 வருடம் கழித்து இண்டி ஆனதற்கு வாழ்த்துகள்.

இழைபின்னி:

சாலி ஷாபிரோவுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், பேச விரும்புகிறவர்கள் அங்கே வாருங்கள். அவருடைய கச்சேரி எப்போது என்று கேட்டு மட்டும் யாரும் வரவேண்டாம்.